அலசினாலும் போகாத இரண்டு கிராம்

திருப்பூரில் ஒரு கிலோ பனியன் துணிக்குக் கறுப்போ கடல் நீலமோ ஏற்ற, அந்தத் துணியின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உப்பு செலவாகும். சாயமேற்றும் சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் கிலோ துணிக்கு 6 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடர்ந்த ஷேடு என்றால் லிட்டருக்கு 60 கிராமுக்கு மேல் உப்பு விழும். கணக்குக்குத் தோதாக 64 கிராம் என்று எடுத்தால் கிலோவுக்கு 384 கிராம். 500 கிலோ லாட் ஒன்றுக்கு 192 கிலோ, ஏறக்குறைய நாலு மூட்டை. இதில் எதுவும் துணியோடு கப்பலேறப் போவதில்லை. சாயத்தைத் துணிக்குள் அனுப்பி வைத்துவிட்டு, உப்பு அத்தனையும் தண்ணீரோடு வெளியே வந்தாக வேண்டும்.

அது எப்படி வெளியே வருகிறது, எவ்வளவு தண்ணீரில் வருகிறது, எந்தத் தண்ணீரில் வராமலே நின்றுவிடுகிறது என்பதைச் சொல்லும் கணிதம் நம் பதினோராம் வகுப்புப் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. அடுக்குக்குறிச் சார்பின் வரைபடம், அதைப் பக்கவாட்டில் நகர்த்துவது, மேலே கீழே நகர்த்துவது. மாணவர்கள் பெரும்பாலும் மதிப்பெண்ணுக்காகப் படித்துவிட்டுத் தாண்டிப்போகிற பகுதி இது. திருப்பூரின் கடந்த நாற்பது ஆண்டு வரலாற்றைப் புரிந்துகொள்ள இதைவிடக் கூர்மையான கருவி எனக்குத் தெரியவில்லை.

முதலில் உப்பு எதற்கு என்று பார்த்துவிடுவோம். தண்ணீரில் நனைந்த பருத்தி இழையின் மேற்பரப்பு எதிர் மின்னூட்டம் கொண்டது. பருத்திக்கு இன்று அதிகமாகப் பயன்படும் ரியாக்டிவ் சாயங்களும் தண்ணீரில் கரைந்ததும் எதிர் மின்னூட்டம் பெறுகின்றன. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். சோடியம் அயனிகள் நடுவில் புகுந்து அந்தத் தள்ளுதலை மட்டுப்படுத்தினால்தான் சாயம் இழையை நெருங்கும். சாதா உப்போ கிளாபர் சால்ட்டோ, வேலை ஒன்றுதான். பிறகு சோடா ஆஷ் போட்டுக் காரத்தன்மையை ஏற்றினால், சாயம் இழையின் செல்லுலோஸோடு வேதிப்பிணைப்பே ஏற்படுத்திக்கொள்கிறது. ஐசிஐ நிறுவனத்தில் ராட்டியும் ஸ்டீஃபனும் கண்டறிந்து, 1956இல் சந்தைக்கு வந்த இந்த வகைச் சாயம் இல்லையென்றால், பத்து முறை துவைத்த டி-சர்ட் இன்றிருப்பது போல் நிறம் மாறாமல் இருக்காது.

ஆனால் சாயம் முழுவதும் இழையோடு சேர்வதில்லை. ஒரு பகுதி தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகி, துணியில் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். அதை எடுக்கத்தான் கடைசியில் 95 டிகிரி வெந்நீரில் சோப்பிங். துணியில் உப்பு மிச்சமிருந்தால் ஒட்டிய சாயம் லேசில் கழலாது. எந்த உப்பு உள்ளே தள்ளியதோ அதே உப்பு வெளியே விடாமலும் பிடித்துக்கொள்ளும். சோப்பிங் தொடங்குமுன் குளியலில் உப்பு லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம் அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும் என்பது சாயத் தொழிலின் பொது விதி. நாம் 2 கிராமை இலக்காக வைத்துக்கொள்வோம்.

இனி அலசல். மெஷினைத் திறந்து தண்ணீரை வடித்தால் 6 லிட்டரும் போய்விடாது. நனைந்த பின்னல் துணி தன் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கிலோவுக்கு 3 லிட்டர் துணியிலேயே தங்குகிறது என்று கொள்வோம். வடிந்த 3 லிட்டருக்குப் பதிலாக 3 லிட்டர் நல்ல தண்ணீர் ஊற்றி ஓட்டினால், உப்பின் அடர்த்தி சரிபாதியாகும். மறுபடி வடித்து ஊற்றினால் அதிலும் பாதி. 64, 32, 16, 8, 4, 2, 1. ஐந்தாவது அலசலில் 2 கிராம். இலக்கை எட்டிவிட்டோம்.

ஒவ்வொரு படியிலும் ஒரே எண்ணைக் கழித்தால் வரைபடம் நேர்கோடாக இறங்கும். ஒவ்வொரு படியிலும் ஒரே விகிதத்தில் குறைத்தால் கிடைப்பதுதான் அடுக்குக்குறிச் சார்பு. தொடக்கத்தில் செங்குத்தாகச் சரியும். போகப் போகப் படுத்துக்கொள்ளும். கிடை அச்சை நெருங்கிக்கொண்டே இருக்கும், ஒருபோதும் தொடாது. முதல் அலசல் 32 கிராமை வெளியேற்றுகிறது. ஐந்தாவது அலசல் அதே அளவு தண்ணீரைக் குடித்துவிட்டு 2 கிராமைத்தான் வெளியேற்றுகிறது. 500 கிலோ லாட்டில் ஒவ்வொரு அலசலுக்கும் 1,500 லிட்டர் தண்ணீர். (வடிக்காமல் ஒரு பக்கம் ஊற்றிக்கொண்டே மறுபக்கம் வழியவிடும் ஓவர்ஃப்ளோ வாஷிலும் வளைகோடு இதே குடும்பம்தான். ஆனால் அதே 1,500 லிட்டரில் உப்பு பாதியாகாது. சுமார் 61 சதவீதம் தங்கிவிடும். வடித்து ஊற்றுவதே சிக்கனம்.)

இப்போது பக்கவாட்டு நகர்வுக்கு வருவோம். மாணவர்களைத் தடுமாற வைக்கும் இடம் இது: மாறியிலிருந்து 2-ஐக் கழித்தால் வரைபடம் ஏன் வலப்பக்கம் போகிறது? கழித்தால் இடப்பக்கம்தானே போக வேண்டும்? ஒரே பட்டறையில் ஒரே மாதிரி இரண்டு மெஷின்கள். ஒன்று காலை 8 மணிக்குத் தொடங்குகிறது, இன்னொன்று 10 மணிக்கு. 11 மணிக்கு இரண்டாவது மெஷினில் என்ன நடந்துகொண்டிருக்கும்? முதல் மெஷினில் 9 மணிக்கு நடந்தது. அதாவது, கடிகாரத்திலிருந்து 2-ஐக் கழித்து, அந்த நேரத்துக்கு முதல் மெஷினின் பதிவைப் புரட்டிப் பார்க்க வேண்டும். நேரத்திலிருந்து கழிப்பதால் வளைகோடு பின்னோக்கிப் போவதில்லை; தாமதமாகத் தொடங்குகிறது. தாமதம் என்றால் நேர அச்சில் வலப்பக்கம். இந்த ஒரு கேள்வியை இப்படிக் கேட்டுப் பழகினால் குறி குழப்பம் திரும்ப வராது.

எந்தச் சார்பையும் இப்படி நகர்த்தலாம். அடுக்குக்குறிச் சார்புக்கு மட்டும் ஒரு விசேஷம் உண்டு. மிக அடர்ந்த ஒரு ஷேடுக்கு உப்பை இரட்டிப்பாக்கி லிட்டருக்கு 128 கிராம் போட்டதாகக் கற்பனை செய்யுங்கள். 128, 64, 32, 16, 8, 4, 2. பழைய வரிசையேதான், முன்னால் ஓர் எண் கூடியிருக்கிறது, அவ்வளவே. உப்பு இரு மடங்கு, ஆனால் அலசல் ஒன்றே ஒன்றுதான் அதிகம். வரைபடத்தில் பார்த்தால், ஒவ்வொரு உயரத்தையும் 2-ஆல் பெருக்கியதும், முழு வளைகோட்டையும் ஒரு கட்டம் வலப்பக்கம் தள்ளியதும் ஒரே கோட்டில் வந்து நிற்கும். நான்கு மடங்கு என்றால் இரண்டு கட்டம்.

பக்கவாட்டில் நகர்த்துவது எப்போதும் ஒரு மாறிலியால் பெருக்குவதற்குச் சமம் என்ற இந்தக் குணம், உடையாத தொடர்கோடுகளில் அடுக்குக்குறி வளைகோட்டுக்குத்தான் உண்டு. பரவளையத்துக்கு இல்லை, நேர்கோட்டுக்கு இல்லை, சைன் அலைக்கு இல்லை. இந்தக் குணத்தையே வரையறையாக எடுத்துக்கொண்டு அடுக்குக்குறிச் சார்பைக் கட்டி எழுப்பவும் முடியும்.

சாயப்பட்டறைக்கு இதன் பொருள் நேரடியானது. குறைந்த உப்பில் ஏறும் சாயங்கள் என்று விற்கப்படுபவை உப்பைப் பாதியாக்கினால் மிச்சமாவது ஒரு அலசல். லாட்டுக்கு 1,500 லிட்டர். அது சிறிய லாபமில்லை. அதே சமயம், உப்பு பாதியாகிவிட்டது என்பதால் அலசலும் பாதியாகிவிடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். தண்ணீரோடு கழிவுக்குப் போகும் உப்பின் அளவுதான் பாதியாகும்; சுத்திகரிப்புச் செலவில் அது பெரிய வித்தியாசம்.

வளரும் கோட்டுக்கும் இதே விதிதான். திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி 1980களின் நடுவில் ஆண்டுக்கு 20 கோடி ரூபாயைத் தொடவில்லை. 2024-25இல் ஏறத்தாழ 40,000 கோடி. 2,000 மடங்கு, அதாவது சுமார் பதினோரு இரட்டிப்புகள். அந்த இரட்டிப்புகள் சீரான இடைவெளியில் வரவில்லை. முதல் பத்தாண்டுகளில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் வந்தன, ஆகவே முழு வரலாற்றையும் ஒரே அடுக்குக்குறிக் கோட்டில் அடைப்பது நேர்மையாகாது. ஆனால் ஆண்டுக்கு 10 சதவீதம் சீராக வளரும் ஒரு தொழில் ஓராண்டு அப்படியே நின்றுவிட்டு மறுபடி அதே வேகத்தில் கிளம்பினால் என்ன ஆகும் என்பதை அடித்துச் சொல்லலாம். கோடு ஒரு கட்டம் வலப்பக்கம் நகர்கிறது. அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு ஆண்டிலும், எத்தனை ஆண்டு கடந்தாலும், வந்திருக்க வேண்டியதைவிட 9 சதவீதம் குறைவாகவே வரும்.

இனி செங்குத்து நகர்வு. திருப்பூரின் துயரம் இங்கேதான் இருக்கிறது.

இதுவரை அலசிய தண்ணீரில் உப்பே இல்லை என்று வைத்துக்கொண்டோம். அப்படிப்பட்ட தண்ணீர் எந்தப் போர்வெல்லிலும் வருவதில்லை. லிட்டருக்கு 2,000 மில்லிகிராம், அதாவது 2 கிராம் டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு) உள்ள போர்வெல் தண்ணீரில் அதே லாட்டை ஓட்டிப் பார்ப்போம். 64 கிராம் உப்புப் போட்டால் குளியலில் இருப்பது 66. முதல் அலசலில் 66-உம் 2-உம் சரிபாதியாகக் கலந்து 34. அடுத்தது 18. பிறகு 10, 6, 4, 3, 2.5, 2.25. பழைய வரிசையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: 64, 32, 16, 8, 4, 2, 1, 0.5, 0.25. ஒவ்வொன்றிலும் 2 கூடியிருக்கிறது. வளைகோட்டின் வடிவத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கோட்டை அப்படியே தூக்கி இரண்டு கட்டம் மேலே வைத்த மாதிரி.

வடிவம் மாறவில்லை என்பதால் சின்ன விஷயம் என்று தோன்றும். ஆனால் கோடு நெருங்கி நெருங்கித் தொடாமலே போகும் அந்தக் கிடைக்கோடு, பாடப் புத்தகம் தொலைத்தொடுகோடு என்று சொல்வது, அதுவும் சேர்ந்து 2-க்கு ஏறிவிட்டது. நம் இலக்கு 2 கிராம். முன்பு ஐந்து அலசலில் எட்டிய இலக்கை இனி ஐம்பது அலசலிலும் எட்ட முடியாது. எத்தனை லட்சம் லிட்டர் ஊற்றினாலும், ஊற்றும் தண்ணீரைவிடத் துணி சுத்தமாகாது.

வலப்பக்கம் நகர்ந்த கோட்டுக்கு மருந்து உண்டு: இன்னும் கொஞ்சம் நேரம், இன்னும் கொஞ்சம் தண்ணீர். மேலே நகர்ந்த கோட்டுக்கு அந்த மருந்து வேலை செய்யாது. அந்தக் கிடைக்கோட்டை, அதாவது அடிமட்டத்தையே, இறக்கினால்தான் உண்டு.

அடிமட்டம் இலக்கைத் தொடுவதற்கு முன்பே தொல்லை தொடங்கிவிடுகிறது. அதே 64 கிராம், அதே 2 கிராம் இலக்கு. தண்ணீரின் டிடிஎஸ் 1,000 மில்லிகிராம் என்றால் ஆறு அலசல் போதும். 1,500 என்றால் ஏழு. 1,750 என்றால் எட்டு. 1,875 என்றால் ஒன்பது. கவனியுங்கள்: ஆறிலிருந்து ஏழுக்குப் போக 500 மில்லிகிராம் ஏற வேண்டியிருந்தது, எட்டிலிருந்து ஒன்பதுக்குப் போக 125 போதும். இலக்குக்கும் அடிமட்டத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளி பாதியாகும்போதெல்லாம் ஓர் அலசல் கூடுகிறது. இடைவெளி பூஜ்ஜியமானால் அலசலின் எண்ணிக்கை முடிவிலி. கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக உப்பேறும் ஊரில், போன வருடம் ஒரு வாஷ் கூட்டிச் சரிசெய்த டையிங் மாஸ்டர் இந்த வருடம் இரண்டு கூட்டியும் சரிசெய்ய முடியாமல் நிற்பது அவருடைய திறமைக் குறைவால் அல்ல.

கூட்டிய ஒவ்வொரு அலசலும் எங்கே போனது? ஆற்றுக்கு. நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோயம்புத்தூரைக் கடந்து, திருப்பூரின் நடுவே ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேர்கிறது. மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில் அதற்குச் சொந்தத் தண்ணீர் மிகக் குறைவு. ஏற்றுமதி பெருகப் பெருகப் பட்டறைகள் பெருகின. வடித்த தண்ணீர் ஆற்றில் ஓடியது. ஆற்றிலிருந்து நிலத்தடிக்கு இறங்கியது. 1992இல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. அந்தத் தண்ணீரை வயலுக்கு விட முடியாது, விட்டால் பயிர் கருகும். கீழ்ப்பகுதி விவசாயிகளின் கிணறும் தென்னையும் உப்பில் போயின. அவர்கள் வேறு யாருடைய லாபத்துக்காகவோ தங்கள் நிலத்தை இழந்தார்கள். இதை மழுப்பிச் சொல்ல வழியில்லை.

பட்டறைகளும் தப்பவில்லை. தான் வெளியேற்றிய உப்பு தன் போர்வெல்லுக்கே திரும்பி வந்தது. ஒரு பட்டறையின் வடிகால் அடுத்த பட்டறையின் அடிமட்டமானது. திருப்பூர் நிலத்தடி நீர் சாயமிட உதவாமல் போய், சுற்றுவட்டக் கிராமக் கிணறுகளிலிருந்து டேங்கர் லாரிகளில் தண்ணீர் வாங்க வேண்டி வந்தது. பிறகு 2000களின் நடுவில், பவானி அருகே காவிரியிலிருந்து நாளொன்றுக்கு 18 கோடி லிட்டருக்கு மேல் கொண்டுவரும் திட்டம் செயல்பட்டது. டேங்கரோ காவிரிக் குழாயோ, கணிதத்தின் மொழியில் இரண்டும் ஒரே காரியத்துக்குத்தான்: வேறோர் ஊரின் குறைந்த அடிமட்டத்தைக் காசு கொடுத்து வாங்குவது.

சட்டம் என்ன சொன்னது? வெளியேற்றும் கழிவுநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வரம்பு வைத்திருந்தது. பெரிய ஆறு ஓடும் இடத்தில் இந்த வரம்புக்கு அர்த்தம் உண்டு, ஆறு நீர்த்துவிடும். நொய்யல் போன்ற ஓர் ஆற்றில் எல்லாப் பட்டறையும் வரம்பை நூலளவும் மீறாமல் நடந்தாலும் ஆறே 2,100-ஐ ஒட்டித்தான் நிற்கும். நம் கணக்கின்படி, அந்தத் தண்ணீரில் ஒரு பனியன் துணியைக்கூட ஒழுங்காக அலச முடியாது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் விரும்பும் அளவு 500. வேறு நீராதாரமே இல்லாதபோது அனுமதிக்கும் உச்சம் 2,000. அடர்த்திக்கு மட்டும் வரம்பு வைத்துவிட்டு மொத்த உப்புக்கு வரம்பு வைக்காதது பிழை என்றே சொல்வேன்.

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத நிலையை எட்ட வேண்டும் என்றது. 2009இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அப்படியும் ஆற்றில் சாயம் ஓடியது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்டது. ஊரே நின்றது. தென்மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் பலர் மூட்டை கட்டினார்கள். அந்த வேதனை உண்மையானது. அந்த உத்தரவின் நியாயமும் உண்மையானது.

அதற்குப் பிறகு வந்த ஏற்பாட்டில் கழிவுநீர் ஆற்றுக்குப் போகக் கூடாது. முதலில் உயிரியல் முறையில் சுத்திகரிப்பு. பிறகு ஆர்ஓ சவ்வுகள் வழியாகத் தள்ளி, சில நூறு மில்லிகிராம் டிடிஎஸ் உள்ள தண்ணீரைப் பிரித்துப் பட்டறைக்கே திருப்பி அனுப்புகிறார்கள். எஞ்சும் அடர்ந்த உப்புக் கரைசலைப் பட்டறைக்காரர்கள் பிரைன் என்பார்கள். அதைத் தூய்மைப்படுத்தி மறுபடி சாயக் குளியலுக்கே உப்பாக அனுப்புவதும், எவாபரேட்டரில் காய்ச்சி உப்பாக எடுப்பதும் உண்டு. செலவு அதிகம், மின்சாரமும் ஆவியும் தின்னும் வேலை. ஆனால் பாருங்கள், அடிமட்டத்தை இறக்கும் காரியத்தை இந்த முறை ஊர் தன் கையாலேயே செய்கிறது. 300 மில்லிகிராம் தண்ணீர் வந்தால் நம் லாட்டுக்கு ஆறு அலசல் போதும், கடைசியில் நிற்பது 1.3 கிராம்.

ஓர் இடத்தில் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். அடிமட்டம் எங்கே இருக்கிறது என்று தெரியாதபோது அதை எப்படிக் கண்டுபிடிப்பது? உப்புக்கு என்றால் ஊற்றும் தண்ணீரையே அளந்துவிடலாம். ஆனால் பல இடங்களில் அடிமட்டம் கண்ணுக்குத் தெரியாது. ஐம்பது அலசல் ஓட்டிப் பார்க்கவும் முடியாது.

அடுத்தடுத்த அளவுகளின் வித்தியாசத்தை எடுத்துப் பாருங்கள். 66, 34, 18, 10, 6 என்ற வரிசையில் வித்தியாசம் 32, 16, 8, 4. அடிமட்டமில்லாத வரிசையிலும் 32, 16, 8, 4 தான். செங்குத்து நகர்வு வித்தியாசங்களில் தடமே விடுவதில்லை. ஆனால் விகிதங்களில் விடுகிறது: 66-க்கு 34 பாதியில்லை, 34-க்கு 18 பாதியில்லை. வித்தியாசம் சீராகப் பாதியாகிறது, அளவு பாதியாக மறுக்கிறது என்றால் கீழே ஏதோ ஒன்று தாங்கி நிற்கிறது என்று பொருள்.

அது எவ்வளவு என்பதற்கு மூன்று அளவுகள் போதும். சம இடைவெளியில் எடுத்த மூன்று அளவுகளில், முதலாவதையும் மூன்றாவதையும் பெருக்கி, அதிலிருந்து நடு அளவின் வர்க்கத்தைக் கழியுங்கள். வந்ததை, முதலாவதும் மூன்றாவதும் கூட்டி நடு அளவின் இரு மடங்கைக் கழித்த எண்ணால் வகுத்துவிடுங்கள். 34, 18, 10 என்ற மூன்றை எடுப்போம். 34 × 10 = 340. 18-இன் வர்க்கம் 324. வித்தியாசம் 16. கீழே 34 + 10 − 36 = 8. 16 ÷ 8 = 2. அடிமட்டம் கையில் வந்துவிட்டது. இந்தச் சூத்திரத்தை எடின்பரோவில் பணியாற்றிய கணிதவியலர் அலெக்சாண்டர் எய்ட்கன் 1926இல் வெளியிட்டார். பதினேழாம் நூற்றாண்டிலேயே ஜப்பானின் செகி தகாகஸு பை-யின் மதிப்பைத் துல்லியமாக்க இதே வழியைக் கையாண்டிருக்கிறார். மூன்று எண்களை வைத்து முடிவிலியில் என்ன நடக்கும் என்று சொல்லிவிட முடிவது, எத்தனை முறை செய்து பார்த்தாலும் எனக்குச் சலிக்காத ஒன்று.

கண்ணுக்குத் தெரியாத அடிமட்டம் என்று சொன்னேன். துணியின் ஈரம் அப்படிப்பட்டது. டிரையரில் காயும் துணியில் நீர் குறைவதைக் கடைசிக் கட்டத்தில் வரைந்தால் ஏறக்குறைய அடுக்குக்குறிக் கோடுதான் வரும். ஆனால் வெளியே எடுத்து வைத்த பருத்தி ஒருபோதும் பூஜ்ஜியத்தில் நிற்காது. காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நூல் வியாபாரத்தில் பருத்திக்கு 8.5 சதவீத ஈரம் என்று கணக்கு வைப்பது இதனால்தான். பாலிஸ்டருக்கு அது 0.4 மட்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் மாதத்திலும் ஐப்பசி அடைமழையிலும் பருத்தியின் அடிமட்டம் ஒன்றாக இருக்காது. ஒரே துணியின் ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடை) இரண்டு நாளில் இரண்டு விதமாகக் காட்டினால் நிட்டிங்கைக் குறை சொல்வதற்கு முன் காற்றின் ஈரப்பதத்தைப் பார்ப்பது நல்லது.

சூட்டுக்கும் அடிமட்டம் உண்டு. 1701இல் நியூட்டன் தன் பெயர் போடாமல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், சூடான பொருள் ஆறும் வேகம் சுற்றுப்புறத்தைவிட அது எவ்வளவு அதிகச் சூடாக இருக்கிறதோ அதைப் பொறுத்தது என்ற கருத்து வருகிறது. 95 டிகிரியில் ஒரு தொட்டித் தண்ணீரை ஆறவிடுகிறோம். சுற்றுப்புறத்துக்கு மேலுள்ள சூடு அரை மணிக்கு ஒருமுறை பாதியாகிறது என்று கொள்வோம். மே மாதம், வெளியே 35 டிகிரி: 95, 65, 50, 42.5. மார்கழி, வெளியே 25: 95, 60, 42.5. அதே 42.5-ஐத் தொட மே மாதத்தில் அரை மணி நேரம் கூடுதல். மார்கழியில் ஒன்றரை மணி நேரத்துக்குள் 35 டிகிரிக்கு வந்துவிடும் தொட்டி, மே மாதத்தில் அங்கே வரவே வராது. நடைமுறையில் மெஷினைக் குளிரவைப்பது குளிர்நீர் ஓடும் ஹீட் எக்ஸ்சேஞ்சர். அப்போது அடிமட்டம் அந்தக் குளிர்நீரின் வெப்பநிலை.

உப்பு, ஈரம், சூடு என்று மூன்றையும் எழுதினால் வடிவம் ஒன்றுதான்: ஓர் அடிமட்டம், அதற்கு மேல் விகிதமாகத் தேயும் மிச்சம். மிச்சத்தின் தொடக்க அளவு எதுவானாலும் அது பக்கவாட்டு நகர்வாக மாறிவிடும் என்பதை 128 கிராமில் பார்த்தோம். ஆக, தேயும் விகிதம் ஒன்றாக இருக்கும்வரை, இவை எல்லாம் ஒரே வளைகோடு, வெவ்வேறு இடத்தில் வைத்தது. வலப்பக்கம் எவ்வளவு, மேலே எவ்வளவு என்ற இரண்டே எண்கள் மீதிக் கதையைச் சொல்லிவிடும்.

திருப்பூர், அவிநாசி, பல்லடம், காங்கயம் பக்கத்துப் பள்ளிகளில் கணிதம் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பாடத்தைக் கரும்பலகையில் மட்டும் முடித்துவிடாதீர்கள். உங்கள் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் பலரின் அப்பாவோ அம்மாவோ அண்ணனோ பனியன் கம்பெனியிலோ சாயப்பட்டறையிலோ வேலை செய்கிறார்கள். ஒரு வாளி, இரண்டு பழைய பனியன், ஒரு கை உப்பு, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு டிடிஎஸ் மீட்டர் போதும். உப்புத் தண்ணீரில் பனியனை ஊறவைத்து, அளந்து ஊற்றி, பிழியாமல் வடித்து, ஒவ்வொரு அலசலுக்குப் பிறகும் மீட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். மீட்டரின் எல்லையைத் தாண்டும் முதல் சில அளவுகளுக்கு, ஒரு பங்கு நீரோடு ஒன்பது பங்கு ஆர்ஓ தண்ணீர் கலந்து அளந்து பத்தால் பெருக்கிக்கொள்ளலாம். ஒரு பனியனைப் பள்ளிப் போர்வெல் தண்ணீரில் அலசட்டும், இன்னொன்றை ஆர்ஓ தண்ணீரில். இரண்டு கோட்டையும் ஒரே வரைபடத் தாளில் வரையட்டும். கடைசியாக மூன்று அளவுகளைச் சூத்திரத்தில் போட்டு அடிமட்டத்தைக் கணக்கிட்டுவிட்டு, அதற்குப் பிறகு போர்வெல் தண்ணீரை நேரடியாக அளந்து, இரண்டும் எவ்வளவு நெருக்கமாக வருகின்றன என்று பார்க்கச் சொல்லுங்கள்.